தாழி எலும்பை லேபில் கொடுத்தால் நம் முன்னோர் யார் என்று சொல்வார்களா?

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வந்தவாசிப் பக்கம் அவருடைய மாமா நிலத்தில் மோட்டார் ரூம் கட்டக் கடைக்கால் எடுத்திருக்கிறார்கள். ஜேசிபி வாளியில் கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் வந்தன. அடியில் கால் வைத்த சுடுமண் தொட்டி மாதிரி ஒன்று உடைந்து தெரிகிறது. உள்ளே எலும்புத் துண்டுகளும் இரண்டு மூன்று பற்களும் இருக்கின்றன. "இதை வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் லேபில் கொடுத்தால், இவர் எத்தனை ஆயிரம் வருடத்துக்கு முந்தியவர், எங்கிருந்து வந்தவர், எங்கள் சாதிக்காரர்தானா என்று டிஎன்ஏ பார்த்துச் சொல்லிவிடுவார்களா?" இதுதான் கேள்வி.

பதில் நீளமானது. அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள்: படித்து முடிக்கும் வரை அந்த எலும்பை யாரும் கையால் தொட வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்கிற கால் வைத்த தொட்டி, இறந்தவர்களின் எலும்பை இட்டுப் புதைக்க அந்தக் காலத்தில் செய்த சுடுமண் பெட்டி, தொல்லியல்காரர்கள் ஈமப்பேழை என்று சொல்வதாகத்தான் தெரிகிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, அதே வந்தவாசி வட்டத்தில் கீழ்நமண்டி இருக்கிறது. 1989 வரை அது வட ஆர்க்காடு மாவட்டம், இன்று திருவண்ணாமலை மாவட்டம். அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்ததில், ஒரு ஈமப்பேழையில் கிடைத்த கரிக்கு கி.மு. 1692 என்று காலக்கணிப்பு வந்தது. 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கையில் இது இருக்கிறது. அதாவது சுமார் 3,700 ஆண்டுகள். உங்கள் மாமா நிலத்துப் பேழையும் அதே வயது என்று நான் சொல்லவில்லை. இந்த வழக்கம் பல நூற்றாண்டு நீடித்தது, ஒவ்வொன்றையும் தனியாகத்தான் கணிக்க வேண்டும். ஆனால் நீங்கள் எந்த மாதிரி மண்ணின் மேல் நிற்கிறீர்கள் என்று தெரியட்டும்.

இதிலேயே உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிட்டது. எத்தனை வருடம் என்பதைச் சொல்வது டிஎன்ஏ இல்லை. கரியிலோ எலும்பின் கொலாஜன் புரதத்திலோ இருக்கும், காலப்போக்கில் தானே சிதையும் கார்பன்-14 எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து சொல்கிறார்கள். அது வேறு கருவி, வேறு ஆய்வகம். இரண்டும் ஒரே எலும்பிலிருந்து எடுக்கப்படலாம் என்பதால் செய்தித்தாள்களில் சேர்த்தே எழுதிக் குழப்பிவிடுகிறார்கள்.

சரி, டிஎன்ஏவுக்கு வருவோம்.

உயிரோடு இருக்கிற உங்கள் உடலில் அநேகமாக ஒவ்வொரு செல்லிலும், டிஎன்ஏ என்ற நீண்ட இழையில் எழுதிய மரபணுத் தொகுதி இருக்கிறது. அப்பா வழியில் ஒரு பிரதி, அம்மா வழியில் ஒரு பிரதி. ஒரு பிரதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்துகள்தான் மாறி மாறி வருகின்றன. நாம் இருக்கும் வரை இதில் விழும் கீறல்களை உடம்பு அன்றாடம் சரிசெய்துகொண்டே இருக்கிறது. உயிர் போன பிறகு பழுது பார்க்க ஆளில்லை. நம் செல்லிலேயே இருக்கும் நொதிகள் முதலில் வெட்டத் தொடங்கும். அப்புறம் பாக்டீரியா, பூஞ்சை, தண்ணீர். இழை துண்டு துண்டாகிறது. சில ஆயிரம் வருடத்தில் மிஞ்சுவது முப்பது, ஐம்பது, எழுபது எழுத்து நீளமுள்ள பொடித் துண்டுகள். எலும்பின் கனிமத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அவ்வளவாவது மிஞ்சுகிறது.

இதை எப்படிப் படிக்கிறார்கள் என்று நான் வகுப்பில் சொல்லும்போது ஏட்டுச் சுவடியைத்தான் உதாரணம் காட்டுவேன். உ.வே.சாமிநாதையர் ஒரே நூலுக்குப் பல ஊர் ஏடுகளைத் தேடிப் பிடித்து, ஒன்றில் செல்லரித்த இடத்தை இன்னொன்றில் பார்த்து நிரப்பினார் இல்லையா? இங்கேயும் அதே வேலைதான். லட்சக்கணக்கான செல்களின் சிதைந்த பிரதிகள் ஒரே எலும்பில் இருக்கின்றன. ஒவ்வொரு துண்டையும் இன்றைய மனித மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டு, எந்த இடத்துத் துண்டு என்று கணினி அடுக்குகிறது.

சுவடிக்காரர்களிடமிருந்து இன்னொரு உதாரணமும் கிடைக்கிறது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். புள்ளியெல்லாம் ஒழுங்காக வைத்த ஒரு ஏட்டைக் காட்டி இது மிகப் பழையது என்றால் அறிந்தவர்களுக்குச் சந்தேகம் வரும். பழைய டிஎன்ஏவுக்கும் அப்படி ஒரு அடையாளம் உண்டு. காலம் ஆக ஆக, துண்டுகளின் ஓரங்களில் இருக்கும் 'சி' என்ற எழுத்து வேதிமாற்றம் அடைகிறது. கருவி அதை 'டி' என்று படிக்கும். இது பிழைதான், ஆனால் இந்தப் பிழைதான் சாட்சி. ஓரங்களில் இந்த மாற்றம் நிறைய இருந்தால் துண்டு பழையது. இல்லையென்றால், எலும்பைத் தொட்ட யாரோ ஒருவரின் எச்சில், வியர்வை, தோல்.

இந்தத் துறை இந்தப் பாடத்தை அடிபட்டுத்தான் கற்றது. 1984இல் அழிந்துபோன குவாகா என்ற வரிக்குதிரை இனத்தின் பழைய தோலிலிருந்து முதன்முதலாகச் சில எழுத்துகளைப் படித்தார்கள். அடுத்த ஆண்டே சுவாந்தே பேபோ என்ற இளம் ஆய்வாளர் எகிப்திய மம்மியின் டிஎன்ஏ கிடைத்ததாக எழுதினார். அது பின்னால் வந்த மனிதர்களின் கலப்படமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது பிறகு தெரிந்தது. 1994இல் டைனோசர் காலத்து எலும்பில் டிஎன்ஏ என்று ஒரு கட்டுரை வந்தது. அதுவும் மனித டிஎன்ஏதான் என்று ஆனது. அந்த பேபோ துவண்டு போகவில்லை. கலப்படத்தை எப்படித் தவிர்ப்பது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதிலேயே வருடக்கணக்காக உட்கார்ந்தார். 1997இல், அழிந்துபோன நம் உறவினமான நியாண்டர்தால் மனிதரின் மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பின் டிஎன்ஏவில் ஒரு பகுதி, 2010இல் நியாண்டர்தால் மரபணுத் தொகுதியின் வரைவு. அதே 2010இல், சைபீரியாவின் தெனிசோவா குகையில் கிடைத்த ஒரு சின்ன விரலெலும்பை வைத்து அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு மனிதக் கூட்டத்தையே அவருடைய குழு அறிவித்தது. 2022இல் நோபல் பரிசு. முன்பெல்லாம் மண்டை ஓட்டின் வடிவத்தைப் பார்த்துத்தான் புது மனித இனம் என்பார்கள். இங்கே மண்டை ஓடே இல்லை, விரல் நுனிதான் இருந்தது. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

இதெல்லாம் எங்கேயோ குளிர்தேசத்துக் கதை என்று நினைக்காதீர்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்கிற எல்லோரையும் போல நம் உடம்பிலும் ஒன்றிரண்டு சதவீதம் நியாண்டர்தால் பங்கு இருக்கிறது. கொரோனா காலத்தில் இது நேராக நம் வாசலுக்கே வந்தது. மூன்றாவது குரோமோசோமில் ஒரு பகுதி, நோய் தீவிரமாகும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று கண்டார்கள். அது நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று 2020இல் பேபோவும் ஹுகோ ஸெபெர்கும் காட்டினார்கள். ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடம் இருக்கும் அந்தப் பகுதி தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கிறது.

இப்போது உங்கள் எலும்புக்கு வருகிறேன். நம் ஊரில் உள்ள பெரிய சிக்கல் வெயில்.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது மேலே. மண்ணுக்குள் ஒரு ஆள் ஆழத்தில் அவ்வளவு ஏற்ற இறக்கம் இல்லை, ஆனால் வருடம் பூராவும் 25 டிகிரிக்கு மேலேயே இருக்கும். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை வைத்து 2012இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சராசரி 13 டிகிரி வெப்பத்தில், குறிப்பிட்ட நீளமுள்ள டிஎன்ஏ துண்டுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைய 521 வருடம் ஆகிறது. வெப்பம் ஏற ஏற இந்தக் காலம் வேகமாகச் சுருங்கும். இதற்கு மேல் மழையும் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் மண் ஊறும், மாசியில் காயும், மறுபடி ஊறும். இப்படி ஊறிக் காய்வதுதான் எலும்புக்கு ஆகவே ஆகாதது. தண்ணீர் உள்ளே போய்வரும்போது கனிமம் கரைகிறது, அதில் ஒட்டியிருந்த டிஎன்ஏவும் போகிறது.

குளிர் எவ்வளவு உதவும் என்பதற்கு உத்தராகண்டில் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரூப்குண்ட் ஏரியைப் பாருங்கள். பனியில் கிடந்த எலும்புகளில் 38 பேரின் மரபணுவைப் படித்து 2019இல் வெளியிட்டார்கள். 23 பேர் தெற்காசியர், 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பக்கத்தவர், ஒருவர் தென்கிழக்காசியர். தெற்காசியர்கள் இறந்து ஆயிரம் வருடம் கழித்து, ஏறக்குறைய 1800 வாக்கில்தான் மற்றவர்கள் அங்கே இறந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே ஆலங்கட்டி மழையில் செத்தவர்கள் என்று அதுவரை சொல்லப்பட்டு வந்த கதை அந்தக் கட்டுரையோடு முடிந்தது.

வெயிலுக்கு எடுத்துக்காட்டு ஹரியானாவின் ராக்கிகடி. சிந்துவெளி ஊர், சுமார் 4,500 வருடம். 61 எலும்பு மாதிரிகளைப் பார்த்தார்கள். ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் ஏதோ கிடைத்தது. அதிலும் நூற்றுக்கு மேற்பட்ட முறை மறுபடி மறுபடி எடுத்து, மனித டிஎன்ஏவை மட்டும் தூண்டில் போட்டு இழுப்பது போன்ற ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள். அந்த முறை மரபணுத் தொகுதியில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களைக் குறிவைக்கிறது. அந்தப் பெண்ணிடம் படிக்க முடிந்தது 31,760 இடங்கள். 61 எலும்பில் ஒன்று, அதிலும் இவ்வளவுதான். நம் மண்ணில் இது எவ்வளவு அரிய பொருள் என்று புரிய இந்த எண்கள் போதும்.

முடியவே முடியாது என்று அர்த்தமில்லை. லாவோஸ், மலேசியா, இந்தோனேசியாவின் சுலவேசி என்று நம்மைப் போலவே புழுங்குகிற ஊர்களிலிருந்தும் பல ஆயிரம் வருட எலும்புகளைப் படித்துவிட்டார்கள். அதற்குப் பெரிய உதவி ஒரு குட்டி எலும்பு. காதுக்குப் பின்னால் மண்டையோட்டின் அடிப்பக்கம், உள்காதைச் சுற்றி, பாறை மாதிரி இறுகிய ஒரு எலும்பு உண்டு. உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்பு அதுதான். மற்ற எலும்புகளைவிடப் பல மடங்கு டிஎன்ஏ அதில் தங்குகிறது என்று 2014, 2015 வாக்கில் தெரிந்ததும் இந்தத் துறையே மாறிப்போனது. அதற்கு அடுத்தபடி பல். அதனால்தான் நீங்கள் 'இரண்டு மூன்று பற்கள்' என்று எழுதியதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நான் கல்லூரியில் படித்த காலத்தில், ஏரிக்கரை வேலையில் வெளிவந்த ஒரு தாழியைப் பார்க்க எங்களைக் கூட்டிப்போனார்கள். ஆர்வம் தாங்காமல் எலும்புகளை ஆளுக்கொன்றாகக் கையில் எடுத்தோம். வாளித் தண்ணீரில் போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, திண்ணையில் வெயிலில் காய வைத்தோம். சுத்தமாக வைத்திருக்கிறோம் என்றுதான் நினைத்தோம், சொல்லித் தரவும் யாருமில்லை. இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால், மூவாயிரம் வருடம் தாங்கி நின்ற ஒன்றை ஒரே மதியத்தில் அழித்திருக்கிறோம். அந்த மண்டையோட்டில் காதெலும்பு முழுசாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வேலூர் ஆஸ்பத்திரி லேபில் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். அங்கே இருக்கும் மரபணு லேப்கள் ரத்தத்துக்காகக் கட்டப்பட்டவை. நோயாளிகளின் டிஎன்ஏவைக் கோடிக்கணக்கில் பெருக்கி அன்றாடம் வேலை நடக்கிற அறையில் உங்கள் எலும்பைத் திறந்தால், அதில் இருக்கும் சொற்பத் துண்டுகள் மற்றவர்களுடையதில் மூழ்கிவிடும். பழங்கால டிஎன்ஏவுக்கென்றே தனி அறை வேண்டும். காற்றை வடிகட்டி உள்ளே அழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள், புற ஊதா விளக்கால் கழுவுவார்கள், தலை முதல் கால் வரை மூடிய உடையில்தான் போவார்கள். இந்தியாவில் லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி. ஆகிய இடங்களில் இந்த வேலை நடக்கிறது. தமிழ்நாட்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகை இடுகாட்டு எலும்புகளுக்காக இதில் இறங்கியது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எங்கிருந்து வந்தவர்?

இதற்கு இதுவரை தெரிந்ததைச் சொல்கிறேன். 2009இல் ஹைதராபாத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் இருவரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கோடு சேர்ந்து, இன்றைய இந்தியர்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். பெரும்பாலான இந்தியர்கள் இரண்டு பழைய மக்கள்தொகைகளின் கலப்பு, அளவுதான் கூடக் குறைய என்று சொன்னார்கள். பத்து வருடம் கழித்து 2019இல், 523 பழங்கால மனிதர்களின் டிஎன்ஏவோடு வந்த ஆய்வு அந்த இரண்டுமே கலவைகள்தான் என்று காட்டியது. அடியில் இருப்பவர்கள் மூன்று கூட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறி மிகப் பழங்காலத்திலேயே இங்கே வந்து தங்கிய வேட்டை மக்கள் ஒன்று. ஈரான் பீடபூமி மக்களோடு தூரத்து உறவுள்ள ஒரு கூட்டம் இன்னொன்று. இந்த இரண்டும் கலந்தவர்கள்தான் சிந்துவெளி மக்கள், ராக்கிகடிப் பெண்ணும் அப்படித்தான். அந்தப் பெண்ணிடம் மூன்றாவது கூட்டமான, வடக்கே யூரேசியப் புல்வெளியிலிருந்து வந்த மேய்ப்பர்களின் பங்கு இல்லை. அவர்கள் கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில்தான் வடமேற்கில் வந்து கலக்கிறார்கள். சிந்துவெளி நகரங்கள் தளர்ந்த பிறகு, அந்த மக்களில் ஒரு பகுதி தெற்கே இருந்த வேட்டை மக்களோடு மேலும் கலந்ததில் உருவானவர்களின் பங்குதான் நம்மிடம் அதிகம்.

இந்தக் கதையில் தெற்கைப் பற்றிய பகுதியைக் கவனியுங்கள். அது பெரும்பாலும் இன்றைய மனிதர்களின் டிஎன்ஏவிலிருந்தும், ஈரானிலும் துர்க்மெனிஸ்தானிலும் கிடைத்த, சிந்துவெளியிலிருந்து போனவர்களாகக் கருதப்படும் பதினொரு பேரின் எலும்புகளிலிருந்தும் பின்னோக்கிக் கணக்குப் போட்டுச் சொல்லப்பட்டது. தெற்கத்திப் பழைய வேட்டை மக்கள் கணக்கில் இருக்கிறார்கள், கையில் எலும்பாக இல்லை. கீழ்நமண்டி மாதிரி ஊர்களின் எலும்பு ஏன் முக்கியம் என்பது இங்கேதான் வருகிறது. கி.மு. 1700 வாக்கில், அந்தக் கலப்பு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், வட ஆர்க்காட்டில் வாழ்ந்தவர் அந்தக் கீழ்நமண்டிப் பேழைக்காரர். அவரிடம் சிந்துவெளி மக்களின் பங்கு அப்போதே இருந்ததா, எவ்வளவு? ஒரே ஒரு நல்ல பல் கிடைத்தால் பத்து வருட ஊகம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

இன்னும் பின்னால் போகவும் நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இடம் இருக்கிறது. திருப்பத்தூருக்குப் பக்கத்தில் பையம்பள்ளி. 1960களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது. மேலே இரும்புக்கால அடுக்கு, அதற்குக் கீழே புதிய கற்காலம்: குழி தோண்டி அதற்கு மேல் கூரை போட்ட வீடுகள், வழவழப்பான கற்கோடாரி, கொள்ளு, பச்சைப்பயறு. ஜவ்வாது மலைப் பக்கம் போனால் அதே கற்கோடாரிகளை மரத்தடியில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டுக் கும்பிடுவதைப் பார்க்கலாம். கர்நாடகம், ஆந்திரத்தில் சாணத்தை எரித்த சாம்பல் மேடுகளை விட்டுப்போன மாடு மேய்ப்பவர்களின் உலகத்தோடு தொடர்புள்ள கிழக்கு ஓரம் இது. அவர்கள் இங்கேயே இருந்த வேட்டை மக்களா, மாடுகளோடு மேற்கிலிருந்து நகர்ந்து வந்தவர்களா, இரண்டும் கலந்தவர்களா என்பதைக் கற்கோடாரி சொல்லாது. எலும்பு சொல்லலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டிஎன்ஏவில் மொழி எழுதியிருக்காது. அந்தப் பேழைக்காரர் பேசியது தமிழா, தமிழுக்கு முந்தைய ஏதோ ஒன்றா என்று எந்த லேபும் சொல்லாது. மக்கள் நகர்ந்தபோது மொழியும் நகர்ந்திருக்கலாம் என்று மற்றச் சான்றுகளோடு சேர்த்து வாதிடலாம், அவ்வளவுதான். பல்லை வைத்துத் தமிழின் வயதைச் சொல்கிறோம் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

மூன்றாவது கேள்வி, எங்கள் சாதிக்காரரா? நீங்கள் ஆர்வத்தில்தான் கேட்டீர்கள் என்று தெரியும். நேராகவே பதில் சொல்கிறேன்: அந்தக் கேள்விக்கு அந்த எலும்பில் பதில் கிடையாது.

கணக்குப் பாருங்கள். உங்களுக்குப் பெற்றோர் இரண்டு பேர், தாத்தா பாட்டி நாலு பேர். தலைமுறைக்கு 25 வருடம் வைத்தால் ஆயிரம் வருடத்தில் நாற்பது தலைமுறை. இரண்டை நாற்பது தடவை பெருக்கினால் ஒரு லட்சம் கோடிக்கு மேல் வரும். அவ்வளவு பேர் இந்தப் பூமியில் வாழ்ந்ததே இல்லை. அதாவது ஒரே முன்னோர் உங்கள் வம்சத்தில் ஆயிரக்கணக்கான வழிகளில் திரும்பத் திரும்ப வருகிறார். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வம்சத்திலும் அவரே வருகிறார். உங்கள் பேழைக்கும் கீழ்நமண்டியின் 3,700 வருடம் என்றே வைத்துக்கொண்டால் சுமார் 150 தலைமுறை. அந்தப் பேழைக்காரரின் சந்ததி தொடர்ந்திருந்தால், இன்று வந்தவாசியிலும் ஆற்காட்டிலும் ஆம்பூரிலும் எல்லாத் தெருக்களிலும் இருப்பார்கள். தொடரவில்லை என்றால் எங்கேயும் இல்லை.

அதோடு இன்னொன்று. 2013இல் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவின் அந்த இரண்டு பெரும் மக்கள்தொகைகளும் 4,200 வருடத்துக்கு முன்பிலிருந்து 1,900 வருடத்துக்கு முன்பு வரை தாராளமாகக் கலந்தன என்று கணித்தது. ஒதுங்கி வாழும் பழங்குடிகள்கூட அந்தக் கலப்பிலிருந்து தப்பவில்லை. அதற்கு அப்புறம்தான் தனக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் இறுகுகிறது. ஆக, கீழ்நமண்டிப் பேழையின் காலம் கலப்பு நடந்த காலத்துக்குள் விழுகிறது. இன்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடுகளை அவர் மேல் போட வழியே இல்லை.

கோடு போட்டதன் விலையையும் மரபணு காட்டுகிறது. தெற்காசியாவில் 263 சமூகங்களைப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், 81 சமூகங்கள் மிகக் குறைந்த முன்னோர்களிலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. இப்படிப் பெருகியவர்கள் என்று பேர்போன அஷ்கெனாசி (ஐரோப்பிய) யூதர்கள், ஃபின்லாந்து மக்கள் ஆகியோரைவிடவும் இந்த நெருக்கம் அதிகம். அப்படிப்பட்ட சமூகத்தில் இரண்டு பக்கமும் ஒரே பழுது ஒளிந்திருந்து, பிள்ளைக்கு இரட்டையாக வந்து சேரும் வாய்ப்புக் கூடும். மயக்க மருந்து சிலருக்குக் கலையாமல் நீண்டுவிடுவதற்குக் காரணமான ஒரு நொதிக் குறைபாடு ஆந்திர வைசியரிடம் கூடுதலாக இருப்பதை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் அம்மாவிடம் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று என்ன? "சொந்தத்திலேயா கல்யாணம்?" அந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டாயிரம் வருட வரலாறு இருக்கிறது.

சரி, அப்படியானால் அந்தப் பேழை எலும்பு வேறு என்னதான் சொல்லும்? டிஎன்ஏ நல்லபடியாகக் கிடைத்தால் ஆணா பெண்ணா என்பது உறுதியாகத் தெரியும். ஒரே பேழையில் இரண்டு பேர் இருந்தால் தாயும் பிள்ளையுமா, அண்ணன் தம்பியா, உறவே இல்லாதவர்களா என்று சொல்ல முடியும். இங்கிலாந்தில் 5,700 வருடப் பழைய கல்லறை ஒன்றில் 35 பேரைப் பார்த்து, அதில் 27 பேர் ஐந்து தலைமுறைக் குடும்பம் என்று வம்சாவளியே வரைந்துவிட்டார்கள். நம் ஈமக்காடுகளில் ஒரு கல்வட்டத்துக்குள் இருப்பவர்கள் ஒரே குடும்பமா என்பது எனக்கு நெடுநாள் ஆசையான கேள்வி.

பல்லில் நோய்க்கிருமியின் டிஎன்ஏவும் தங்கும். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஒரு பெரிய ஆராய்ச்சி மையம் 1950களிலிருந்து இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராஜஸ்தானின் பாலாத்தலில் கிடைத்த 4,000 வருடப் பழைய எலும்புக்கூட்டில் தொழுநோயின் வடுக்களைப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இடைக்கால எலும்புகளிலிருந்து அந்தக் கிருமியின் முழு மரபணுத் தொகுதியையே எடுத்துவிட்டார்கள். நம் மண்ணிலும் அப்படி ஒரு நாள் முடியும் என்று நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தாழிக்குள் இருப்பவர்கள் அக்காலத்து மக்கள் அனைவருக்கும் பிரதிநிதிகள் இல்லை. இறந்தவரைச் சுடுவது, அப்படியே இட்டுவிடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது என்று ஐந்து வழக்கங்களை மணிமேகலை அடுக்குகிறது. அவள் காலத்தில் எல்லாமே பக்கம் பக்கமாக நடந்திருக்கின்றன. சுட்டவர்களின் டிஎன்ஏ நமக்கு வராது. வெளியே இட்டவர்களுடையதும் அநேகமாக வராது. போதாததற்கு, பேழைகளில் பல நேரம் முழு உடல் இருக்காது. வேறெங்கோ சதை கரைந்த பிறகு பொறுக்கி வந்த சில எலும்புகள்தான் இருக்கும். ஏற்கெனவே வெயிலும் மழையும் பட்டவை அவை.

இப்போது உங்கள் மாமா செய்ய வேண்டியது. வேலையை அந்த இடத்தில் நிறுத்தட்டும். வெளியே தெரியும் எலும்பின் மேல் அதே குழி மண்ணையே லேசாகத் தூவி மூடுங்கள், மேலே ஒரு தென்னங்கீற்றோ சாக்கோ போட்டு நிழல் செய்யுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். செல்போனில் படம் எடுங்கள், அளவு தெரிய ஒரு மண்வெட்டியைப் பக்கத்தில் வையுங்கள். ஏற்கெனவே வெளியே விழுந்த பற்களைத் தொடாமல், கிடந்த இடத்திலேயே ஒரு கொட்டாங்குச்சியால் கவிழ்த்து மூடுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ எழுத்தில் சொல்லுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டமே சொல்கிறது. அவர்கள் வழியாகத் தொல்லியல் துறைக்குப் போகும். நிலம் போய்விடுமோ என்று மாமா பயப்படுவார், அது இயல்புதான். ஒரு பேழையை எடுக்கச் சில நாள் வேலை போதும் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

யாராவது முன்பே கையால் தொட்டிருந்தால் அதையும் மறைக்காமல் வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். தொட்டவரின் எச்சிலைப் பஞ்சில் எடுத்துக்கொள்வார்கள், கலப்படம் யாருடையது என்று பிரித்துப் பார்க்க அது உதவும். மோட்டார் ரூமைப் பத்தடி தள்ளிக் கட்டலாம். ஜேசிபிக்காரர் நாளைக் காலை வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இன்றிரவே போன் போட்டுவிடுங்கள்.